'எங்கள்' என்ற ஒரு சொல்



பதுளையில் இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன் நான். கிறிஸ்தவரின் செபத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். தமது சைவத்தில் ஓர் இம்மியும் விடாமல் அவர் செய்த பணி அது. அந்தத் துணிவிலேதான் தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு, இரண்டாம் தவணை. உயர்தர வகுப்பில் தன்மைப் பன்மை நடத்திக்கொண்டிருந்தேன். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. உளப்பாடு என்று நம் இலக்கணகாரர் இதைச் சொல்வர். ஆங்கிலத்திலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை, வேதக்காரக் குடும்பம்.

"சேர், நாங்க செபம் சொல்றப்ப பிதாவ 'எங்கள்'னுதான் கூப்புடுறோம். அப்ப சாமி எங்களுக்கு வெளியிலயா நிக்கிறாரு?"

வகுப்பு சிரித்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

அன்றிரவு விவிலியத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயேசு சீடருக்குக் கற்பித்த அந்தச் செபம் மிகச் சிறியது. அதில் கேட்கப்படும் உணவு அன்றைக்கு வேண்டிய உணவு மட்டுமே. மறுநாளைக்கென்று எதுவும் இல்லை. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழுந்த நாளில் அரிசிக்கு என்ன செய்வது என்று தெரியாத லயக் காம்பராவில் இந்த வேண்டுதல் வெறும் அலங்காரமாக ஒலிக்காது.

ஆனால், இறைவனையே நம்பியிருத்தல் என்ற பேச்சு என்னை உறுத்தியது. துரையை நம்பு, கங்காணியை நம்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய மக்களுக்கு இதுவும் இன்னொரு விலங்காகாதா? அப்படிப் போதித்தவர்களும் இருந்திருக்கலாம். செபத்தில் அது இல்லை. பிதா என்று ஒருவரையே அழைத்த நாவு வேறெவர் காலடியிலும் குழைய வேண்டியதில்லை அல்லவா?

யோவான் நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிடிபடுவதற்கு முந்திய வேளையில் இயேசு தந்தையிடம் செய்யும் வேண்டுதல் அது. அங்கே தமிழ் விவிலியம் 'எங்கள்' என்று சொல்லவில்லை, 'நம்' என்கிறது. தம்மை நம்பும் எல்லாரும் அந்த 'நம்'முக்குள்ளே ஒன்றாயிருக்க வேண்டும் என்று மகன் கேட்கிறார். மூலமாகிய கிரேக்கத்தில் இந்த வேறுபாடு கிடையாது. தமிழாக்கியவர் தெரிந்துதான் இட்டிருக்கிறார். மனிதன் தானாக இறைவனைப் பார்த்து 'நாம்' என்று சொல்லத் துணிய மாட்டான். மகன் சொல்லும் 'நாம்' அவனையும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. கிறிஸ்தவர் சொல்லும் ஒன்றிப்பு இதுதான் என்று எனக்குப் பட்டது.

அதற்கு இரண்டு அதிகாரம் முன்னே திராட்சைக் கொடியும் கிளைகளும் வருகின்றன. கிளை தானாகக் காய்க்காது. கொடியோடு இருந்தால்தான் உண்டு. காய்க்கிற கிளையையும் தோட்டக்காரர் நறுக்குகிறார். திராட்சையை நம் தோட்டங்களில் யார் கண்டார்? கவ்வாத்தைக் கண்டிருக்கிறார்கள். வெட்டிய தேயிலைச் செடி குச்சி குச்சியாய் நின்று பின் துளிர்ப்பதையும், வெட்டுண்ட மிலாறு அடுப்புக்குப் போவதையும் அறிந்த பெண்களுக்கு அந்த அதிகாரத்துக்கு உரை வேண்டியதில்லை.

சைவனாகிய எனக்கு உமாபதி சிவாச்சாரியார் நினைவுக்கு வந்தார். தாளும் தலையும் புணர்ந்து 'தாடலை' ஆவதைத் திருவருட்பயனில் அவர் முத்திக்கு உவமையாக வைத்தார். இரண்டு சொல் ஒன்றாகிறது. ஆயினும் தாள் தாளே, தலை தலையே. இரண்டு சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டையும் சரியாகப் படியாதவர் வழக்கம்.

மறுநாள் அவனுக்கு இவற்றையெல்லாம் விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டினான். ஏற்றுக்கொண்டானா என்பது வேறு விஷயம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மனிதர் செய்யாமல் விட்டதைக் கடவுளின் கணக்கில் எழுதும் துணிவு எனக்கில்லை.

மக்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றுக்கு உடுப்பும் பாயும் கொண்டு போனோம். அங்கே அந்த மாணவன் நின்றான். அவனுடைய சின்னம்மா குடும்பம் மண்ணுக்குள். அம்மாயி மட்டும் தப்பியிருந்தார்.

அந்தியில் அம்மாயி செபிக்க அமர்ந்தார். சுற்றியிருந்த பெண்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. யாரும் எழுந்து போகவில்லை. "சாமி, எங்க புள்ளைகள..." என்றவர் அதற்கு மேல் போகவில்லை. திரும்பத் திரும்ப அந்த இரண்டு சொற்கள்தான். நானும் கைகூப்பி நின்றேன்.

வெளியே வந்ததும் மாணவன் சொன்னான்:

"சேர், அம்மாயி சொன்ன 'எங்க'வுல சாமி மட்டுந்தான் வெளியில. நம்ம எல்லாரும் உள்ளுக்கு. நீங்களுந்தான்."

சற்றுப் பொறுத்து, "சாமி எப்ப உள்ளுக்கு வருவாரு சேர்?" என்றான்.

யாரோ பிளேன்டீ கொண்டு வந்தார்கள். வாங்கி முதலில் அவன் கையில் கொடுத்தேன்.