விலங்கியற் கல்வியும் மக்கள் வழக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகத் திங்கள் தவறாமல் கூடி இலக்கியம் பேசிவரும் இவ்வட்டம், தன் நிறைவு விழாவில் விலங்கியல் ஆசிரியன் ஒருவனை அழைத்துப் பேசப் பணித்திருக்கிறது. கம்பனையும் இளங்கோவையும் பேசிய மேடையில் கரப்பான் பூச்சியைப் பற்றியும் மண்புழுவைப் பற்றியும் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் எண்ணிப் பார்க்கையில், உங்கள் துறைக்கும் என் துறைக்கும் அடிப்படை ஒன்றே என்று தோன்றியது. கண்ணால் கண்டதை உள்ளபடி சொல்வது. சொல்வதற்குத் தக்க பெயரைத் தேடுவது. இவ்விரண்டும் கல்லூரி விலங்கியல் வகுப்பில் இன்று எந்நிலையில் இருக்கின்றன என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் காண்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன் விலங்கியல் படித்தவர்களுக்கு ஆய்வுக்கூடம் என்றவுடன் நினைவுக்கு வருவது ஃபார்மலின் நெடியும் மெழுகுத் தட்டுமே. மண்புழுவின் நரம்பு வளையம், கரப்பான் பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பிகள், தவளையின் தமனி மண்டலம் எனப் படிப்படியாகச் சென்று, இறுதியில் சுறாமீனின் மூளை நரம்புகளை வந்தடைவோம். சுறாவுக்கு எலும்பில்லை; அதன் உடற்சட்டம் முழுவதும் குருத்தெலும்பு. ஆகவே கூர்மையான கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டே சென்றால், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் நரம்புகளைச் சிதையாமல் வெளிக்கொணர முடியும். வெண்ணிற நரம்பு தெளிவாகத் தெரிய அதனடியில் கறுப்புக் காகிதத் துண்டைச் செருகி வைப்போம். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் இச்சுறாவைப் பற்றிய அடிப்படை நூலாக விளங்கியது 1928இல் வெளிவந்த 'ஸ்கோலியோடான்' என்னும் நூல். அதனை எழுதிய தில்லையம்பலம் அம்மையார் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்மணி. லக்னோவில் பேராசிரியராகப் பணியாற்றியவர். இச்செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த அறுவைப் பயிற்சி இன்று இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அதனைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டியது. 2014இல் இளநிலை, முதுநிலை ஆகிய இரண்டிலும் முற்றாக விலக்கியது. இம்முடிவை நான் குறை கூறவில்லை. ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்கள், பெரும்பாலும் வயல்வெளிகளிலிருந்து பிடித்துவரப்பட்டு, தேர்வுக்காக மடிந்தன. வயற்பூச்சிகளைத் தின்னும் தவளைகள் அருகிவிடும் என்ற அச்சத்தால் தவளைக்கால் ஏற்றுமதியை 1987இலேயே தடைசெய்த நாடு, கல்லூரிக்கு மட்டும் விலக்களித்துக் கொண்டிருக்க இயலாது. என் கவலை வேறு. அறுப்பதை நிறுத்திய நாம், அந்த இடத்தில் எதனை வைத்தோம்? பெரும்பாலான இடங்களில் கணிப்பொறித் திரையில் ஒரு படத்தை வைத்தோம். உயிருள்ள தவளையை ஒரு மழைநாள் மாலையில் குளக்கரையில் நின்று கவனிப்பதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அதனைச் செய்தோமா?

பழைய முறையிலும் ஒரு குறை இருந்தது. மாணவன் தட்டில் கண்ட தமனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். புத்தகப் படத்திலோ நேராக இருக்கும். பதிவேட்டில் அவன் எதனை வரைவான்? புத்தகத்தில் உள்ளதையே வரைவான். அதற்குத்தான் மதிப்பெண். மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் வழக்கமும் உண்டு. கண்ணெதிரே உள்ள உயிரைக் காட்டிலும் அச்சிட்ட படத்தை நம்பும் மனம், அறுவைப் பயிற்சி இருந்தபோதே உருவாகிவிட்டது. இன்று தட்டும் போய்ப் படம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

'இதனால் என்ன இழப்பு? விலங்கியல் படித்து என்ன ஆகப் போகிறது?' என்று பெற்றோர் கேட்கின்றனர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் தங்கிச் செல்லும் சத்திரமாகவே எங்கள் துறையைப் பலர் எண்ணுகின்றனர். அவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியைக் கூறுவேன். மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை மெய்ப்பிக்க ரொனால்டு ராஸ் இந்தியாவில் 1895 முதல் பாடுபட்டார். கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தும் ஒட்டுண்ணி தென்படவில்லை. காரணம், அவர் எடுத்துக்கொண்டவை வேறு வகைக் கொசுக்கள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், செகந்தராபாத்தில், இறக்கையில் புள்ளிகள் கொண்ட வேறொரு கொசுவை அறுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கொசுவின் அறிவியற் பெயர்கூட அவருக்கு அப்போது தெரியாது; புள்ளி இறக்கைக் கொசு என்றே குறித்தார். அதுவே அனாபிலஸ். கொசுவை இனம் பிரித்தறியும் கல்வி அவருக்கு வாய்த்திருந்தால் எத்தனை காலம் மிச்சமாகியிருக்கும்!

இது பழங்கதையன்று. சென்னை நகரத்து மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. பின்னர் அக்கண்டத்தின் வேறு நாடுகளிலும் பரவியது. நாட்டுப்புறத்து நோயாகப் பெரிதும் கருதப்பட்ட மலேரியா, இக்கொசுவால் அங்கே நகரங்களுக்குள்ளும் வலுப்பெறும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அஞ்சுகிறது. இவ்வகைக் கொசு வந்துவிட்டது என்று முதலில் சொல்ல வேண்டியவர் யார்? உருப்பெருக்கியின் கீழ் அதனை வைத்து, இது இன்னது என்று சொல்லத் தெரிந்த ஒருவர். அவரை உருவாக்குவதே விலங்கியற் கல்வி.

இனிப் பெயருக்கு வருகிறேன். இது உங்கள் துறையும் ஆகும்.

குளத்திலும் வயற்கால்வாயிலும் வாழும் ஒரு சிறு மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்று பெயர். தரங்கம்பாடியில் டேனியர் பணியில் இருந்த டால்டார்ஃப் என்னும் படையதிகாரி, குளக்கரைப் பனையொன்றில் நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் இம்மீன் ஏறிக்கொண்டிருந்ததை 1791இல் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. அதே ஊரில் சமயப்பணி ஆற்றிய ஜான் என்பவர், நம் கடற்கரை மீன்களைத் திரட்டிப் பெர்லினில் வாழ்ந்த பிளாக் என்னும் மருத்துவருக்கு அனுப்பி வந்தார். இந்தியாவைப் பாராமலே பிளாக் நம் மீன்கள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். பனையேறிக் கெண்டையின் அறிவியற் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். அனபாஸ் என்னும் கிரேக்கச் சொல் ஏறுதலைக் குறிப்பது. தமிழ் உழவன் வைத்த பெயரும் ஐரோப்பிய அறிஞர் வைத்த பெயரும் ஒரே செயலைச் சுட்டுகின்றன.

ஆனால் அறிவியல் அங்கே நின்றுவிடவில்லை. இம்மீன் உண்மையிலேயே பனையேறுமா? செவுளுக்கு மேலுள்ள அறையில் மடிப்பு மடிப்பாய் அமைந்த ஓர் உறுப்பினால் இது காற்றைச் சுவாசிக்கிறது. செவுள் மூடியின் முள் விளிம்பை ஊன்றி ஈரத்தரையில் நகர்கிறது. இவை ஐயமற்றவை. பனையில் கண்டதோ, பறவை கவ்விச் சென்று விட்டதாக இருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர் கருதினர். பெயர் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தது. கேள்வி ஓர் உறுப்பைக் காட்டிற்று. இம்மீனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம் மாணவனோ, அனபாஸ் என்பது தன் ஊர்க் கால்வாயில் துள்ளும் பனையேறிதான் என்பதை அறியாமலே பட்டம் பெற்றுவிடுகிறான்.

மக்கள் வழக்கை மட்டுமே நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குவதை இராமநாதபுரத்தில் சீலா என்பர். குமரி மாவட்டத்தில் நெய்மீன் என்பர். மூன்று பெயராலும் ஒரே மீனைச் சொல்லலாம். மறுபுறம், காரல் என்னும் ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன. இக்குழப்பத்தைத் தீர்க்கவே லின்னேயஸ் வகுத்த இருசொற் பெயரீடு பயன்படுகிறது. அவரது நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பே விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க எல்லை. இலத்தீனப் பெயர் உலகத்தோடு பேச. ஊர்ப் பெயர் ஊரோடு பேச. இரண்டையும் இணைத்துத் தருவதே கல்லூரியின் கடமை.

ஒருமுறை மீன் இறங்குதுறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி, கரையில் கொட்டிக் கிடந்த காரல் குவியலின் முன் அமர்ந்து, குடற்காரல், வரிக்காரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். உடலின் அகலம், முதுகின் கோடு, வாய் நீளும் திசை ஆகியவற்றைக் கொண்டு பிரிப்பதாகக் கூறினாள். வகைப்பாட்டு நூல்கள் கூறும் அடையாளங்களும் அவையே. 'இதனை ஏன் வகுப்பில் சொல்லவில்லை, அம்மா?' என்றேன். 'இது பாடம் என்று எனக்குத் தெரியாது, ஐயா' என்றாள். நம் கல்விமுறையைப் பற்றி இதனினும் கடுமையான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

தமிழன்பர்கள் நிறைந்த அவையில் ஒன்றைப் பணிவுடன் கூற வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களைப் பறழ், குருளை, மறி, பார்ப்பு என முறைப்படுத்தினார். உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்த முயன்ற அச்சிந்தனை பெருமைக்குரியது. ஆனால் இதனைக் காட்டி, டார்வின் 1859இல் சொன்னதை நாம் அன்றே சொல்லிவிட்டோம் என்று முழங்குவது தொல்காப்பியர்க்கும் பெருமையன்று, டார்வினுக்கும் நீதியன்று. ஒன்று வரிசை, மற்றொன்று அவ்வரிசை எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கான விளக்கம். முன்னோரின் கூர்ந்த பார்வையைப் பாராட்டுவது எளிது. அப்பார்வையைத் தொடர்வதே கடினம்.

தொடர்வதற்கு எடுத்துக்காட்டு நம் மலைகளிலேயே உண்டு. சங்கப் பாடல்களில் வருடை என வருவது வரையாடே என்பர். நெடுங்காலம் இதனை இமயமலைத் தாருடன் ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். 2005இல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர், இது செம்மறி இனத்துக்கே நெருங்கியது எனக் கண்டு, நீலகிரியின் பெயராலேயே நீல்கிரிட்ராகஸ் என்னும் தனிப் பேரினத்தில் சேர்த்தனர். நாம் பாடலில் கண்ட விலங்கைப் பற்றிய புதிய உண்மை இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது. தமிழ் மாணவர்க்கு அவ்வாய்வுகளில் பங்கு வேண்டாமா?

ஆகவே இவ்வட்டத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உங்கள் ஊரில் வழங்கும் மீன், பறவை, பாம்பு, பூச்சிப் பெயர்களை, சொன்னவரின் தொழில், ஊர், நாள் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் ஆசிரியரை அழைத்து, ஒவ்வொன்றும் எந்த இனம் என்று உறுதி செய்யுங்கள். உறுதியாகாதவற்றை உறுதியாகவில்லை என்றே எழுதுங்கள். வலை இழுக்கும் முதியவரும் ஆடு மேய்க்கும் பாட்டியும் மறைந்தால், அப்பெயர்களும் அவற்றுள் பொதிந்த அறிவும் உடன் மறையும்.

இரண்டாவது, என் சக ஆசிரியர்களுக்கு. ஒவ்வொரு தேர்விலும் ஒரு வினாவேனும் இவ்வாறு அமையட்டும்: 'உங்கள் ஊரில் நீங்களே கண்ட ஓர் உயிரினத்தின் பெயரையும் செயலையும் எழுதுக.' இதற்கு எந்த வழிகாட்டி நூலிலும் விடை கிடைக்காது. மாணவன் வெளியே சென்று பார்த்தே தீர வேண்டும்.

பெயரறிந்த உயிரை மனிதன் எளிதில் அழியவிடுவதில்லை. அப்பெயர்களைக் காக்கும் பணியில் இலக்கிய வட்டமும் விலங்கியல் வகுப்பும் கைகோத்து நடக்கட்டும்.