"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிற வேலை

(கூட்டமைப்புக் கூட்டத்தில் சமுதாய வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



அறிவியல் செய்தியாளர் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அதெல்லாம் பட்டணத்துப் படிப்பாச்சே, நமக்கென்னங்க சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1960களில் ஏ.டி.டி. 27 என்று ஒரு புது நெல் வந்தது. வானொலியில் கேட்டு விதைத்ததால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வந்துவிட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த நெல்லை வயலுக்கு அழைத்து வந்தது ஒரு குரல். அந்தக் குரலாக இருப்பதுதான் இந்த வேலை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "குழந்தைக்குப் பேதியானால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்று வானொலியில் சொல்வது சுலபம். கேட்கிற தாய்க்கு அது போதுமா? 1 லிட்டருக்கு உள்ள பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிட்டால் உப்பு மிஞ்சிப் போய் குழந்தைக்கே ஆபத்து. ஆகவே, "பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்க, 1 லிட்டர் என்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், டாக்டர் தரும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். நாம் ஒரு வார்த்தையை விட்டுவிட்டால், அங்கே ஒரு உயிர் ஊசலாடும்.

கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்டு இனிப்புப் பானங்களையும் விற்றார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதைப் பல வருடம் மக்களிடம் எடுத்துச் சொன்னார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானத்துக்கு அந்தப் பேர் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. விடாமல் பேசினால் சட்டமும் அசைகிறது, பாருங்கள்.

படிப்பில்லாதவர்களால் முடியுமா? தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் என்ற கிராமம். அங்கே 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. நம்மைப் போல சங்கத்தில் சேர்ந்த தலித் பெண்களின் வானொலி அது. ஒலிப்பதிவு செய்ததும் நிகழ்ச்சி தயாரித்ததும் நரசம்மா என்ற ஒரே பேருடைய இரண்டு பெண்கள். விதை, தானியம், கை வைத்தியம் என்று தங்களுக்குத் தெரிந்ததையே பேசினார்கள்.

உங்கள் வீட்டுப் பெண் இந்த வேலைக்கு வர வேண்டுமா? நர்சிங், விவசாயம், உயிரியல் என எது படித்தாலும் நல்லது. பிறகு இதழியல் படிக்கலாம். அகில இந்திய வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர்களை எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்து எடுக்கிறார்கள். பக்கத்தில் சமுதாய வானொலி இருந்தால் இன்றைக்கே போய்ப் பழகலாம். நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அரசு வைத்த விதி. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அங்கே பணம் கொஞ்சம்தான். ஆனால் கைத்தொழில் படிந்துவிடும். அதை வைத்துப் பத்திரிகைக்கும் பெரிய வானொலிக்கும் போகலாம்.

பழகுவதற்கு மைக் வேண்டியதில்லை, செல்போன் போதும். மூன்று கேள்விகளை மட்டும் மறக்காதீர்கள். இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

வாட்ஸ்அப்பில் "புற்றுநோய்க்கு ஒரே வாரத்தில் மருந்து" என்று வந்தால் உடனே அனுப்பிவிடுகிறோம், இல்லீங்களா? அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு முடிந்ததும் 5 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் கேள்விப்பட்ட ஒரு செய்தியை எடுங்கள். ஒரு உறுப்பினர் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த மூன்று கேள்வியையும் கேட்டு வரட்டும். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டட்டும். அப்படிக் கேட்டு வருகிற பெண்தான் உங்கள் குழுவின் முதல் அறிவியல் செய்தியாளர்.