கூடு வந்தது, எஞ்சின் வரவில்லை

பூந்தமல்லியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலைக்கு நீளம் சுமார் 62 கிலோமீட்டர். அதன் தென்முனைப் பக்கம், பெருங்களத்தூரில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. வடக்கே அந்தச் சாலை ஜி.என்.டி. ரோட்டைச் சந்திக்கும் வட்டாரத்தில் சோழவரம். இரண்டுக்கும் நடுவே நசரத்பேட்டை, அதாவது பூந்தமல்லியின் மேற்கு வாசல். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து செம்பரம்பாக்கம், தண்டலம் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். திருமழிசை வழியே திரும்பிப் போனால் திருவள்ளூர். அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்த ஆலை. தமிழ்நாட்டுக் கார் பந்தய வரலாற்றின் பெரும்பகுதி பூந்தமல்லியிலிருந்து அரை நாளில் போய்வரும் தூரத்தில் கிடக்கிறது. ஆனால் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்று இருங்காட்டுக்கோட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'ஹூண்டாய் கம்பெனி' என்றுதான் பதில் வரும்.

கார் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒற்றை இருக்கை, திறந்த சக்கரம், தலைக்கவசம் மட்டும் வெளியே தெரியும் ஃபார்முலா வண்டி. டூரிங் கார் பந்தயம் வேறு. கூரை இருக்கும், கதவு இருக்கும், பின்னால் டிக்கி இருக்கும். மாமா வீட்டு வாசலில் நிற்கும் அதே வண்டி அங்கே ஐம்பது அறுபது மைல் வேகத்தில் இன்னொரு மாமா வண்டியின் பக்கவாட்டை உரசிக்கொண்டு வளைவில் திரும்பும். கூட்டத்துக்கு அதுதான் போதை. ஃபார்முலா காரை அண்ணாந்து பார்க்க வேண்டும். டூரிங் கார் ஜெயித்தால் நம் கார் ஜெயித்த மாதிரி. இங்கிலாந்தில் 1958-ல் தொடங்கிய சலூன் கார் சாம்பியன்ஷிப் இந்த ஆசையின் மேல்தான் வளர்ந்தது.

அந்தப் பந்தயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனி எதை ஓட்டுகிறதோ அதைக் கடையிலும் விற்றிருக்க வேண்டும். 1982-ல் வந்த குரூப் ஏ விதிப்படி ஓராண்டில் 5000 வண்டி செய்திருந்தால்தான் அனுமதிச் சீட்டு. அதற்குமேல் ஒரு திருத்திய வடிவம் வேண்டுமென்றால் இன்னும் 500. இதற்குப் பெயர் ஹோமோலகேஷன். பந்தயத்தில் ஜெயிக்க ஆசைப்பட்ட கம்பெனிகள், யாரும் கேட்காத, குடும்பத்துக்கு லாயக்கில்லாத, அற்புதமான கார்களைச் செய்து பொதுமக்கள் தலையில் கட்டின. பி.எம்.டபிள்யூ. எம்3 1986-ல் வந்தது அப்படித்தான். சாதாரண 3 சீரிஸ் மாதிரி தெரியும்; பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பின் கண்ணாடியின் சாய்வு வேறு, டிக்கி மூடியின் உயரம் வேறு, சக்கரத்துக்கு மேலே தகடு புடைத்திருக்கும். காற்று பின் இறக்கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத் தகட்டையே மாற்றிவிட்டார்கள். ஃபோர்டு 1987-ல் 500 சியரா ஆர்.எஸ்.500 செய்தது. மெர்சிடிஸ் 1990-ல் 190ஈ எவல்யூஷன் 2 என்று 502 வண்டி செய்தது. அதன் பின்னால் இருக்கும் இறக்கையைப் பார்த்தால் வீட்டில் துணி காயப்போடலாம் என்று தோன்றும்.

விதி இருந்தால் வில்லங்கமும் இருக்கும். 1985-ல் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற வோல்வோ 240 டர்போவுக்கும் 500 திருத்திய வண்டிகள் தேவைப்பட்டன. செய்ததாகக் கணக்கு காட்டியாயிற்று. ஆனால் விசேஷப் பாகங்களைக் கழற்றிவிட்டு அந்த வண்டிகளைச் சாதாரண வண்டிகளாக விற்றுவிட்டார்கள் என்று எழுந்த சர்ச்சை, இன்றும் பழைய கார் பித்தர்களிடையே ஓய்ந்தபாடில்லை.

இதெல்லாம் ஐரோப்பியக் கதை, நமக்கென்ன என்று ஒதுக்க முடியாது. அந்தக் கதையின் ஒரு கதாநாயகன் வண்டலூருக்கு வந்தான்.

ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய ஐந்து கதவுக் காருக்கு 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். அதன் வேகமான வடிவம் விட்டெஸ், 190 குதிரைத்திறன். 1984-ல் ஆண்டி ரவுஸ் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றது அந்த விட்டெஸ்ஸில். டாம் வாக்கின்ஷாவின் அணி அதையே ஐரோப்பா முழுக்க ஓட்டியது. பந்தயத்துக்காகவே காற்று உள்ளே போகும் வழியை இரட்டையாக்கிய ஒரு வடிவம் கடைசிக் காலத்தில் கொஞ்சமாக விற்கப்பட்டது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். அதே ரோவர், பந்தயத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த 1985-ல், ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் சென்னையிலிருந்து வெளிவந்தது. கூடு வந்தது, எஞ்சின் வரவில்லை. எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் 1948 காலத்து வேன்கார்டு பரம்பரையைச் சேர்ந்த, வேனில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர். திறன் விட்டெஸ்ஸில் பாதிகூட இல்லை. நம் சாலைக்காக வண்டியைத் தரையிலிருந்து தூக்கி வைத்தார்கள். சில வருஷத்தில் உற்பத்தி நின்றது. தோற்ற கார் என்று எல்லோரும் அதைச் சிரித்துக் கடந்துவிட்டார்கள். ஆனால் ஐரோப்பிய டூரிங் கார் வரலாற்றின் ஓர் உண்மையான உடல், பெருங்களத்தூர் தொழிலாளர்கள் கையால் தட்டி எடுக்கப்பட்டது என்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

இதே கதை இன்னொரு முறை நடந்தது, திருவள்ளூரில். 1998-ல் அங்கே லான்சர் தயாரிப்பு தொடங்கியபோது, அந்த உடலின் உடன்பிறப்பு உலக ராலியை ஆண்டுகொண்டிருந்தது. பின்லாந்தின் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷனில். அந்த எவல்யூஷனும் ஹோமோலகேஷனுக்காகவே விற்கப்பட்ட கார்தான்: இரண்டு லிட்டர், டர்போ, நான்கு சக்கர இழுவை, 280 குதிரைத்திறன். திருவள்ளூர் லான்சருக்குக் கிடைத்தது 1.5 லிட்டர் பெட்ரோலும் ஒரு டீசலும். இருந்தாலும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 2006-ல் அதே ஆலையிலிருந்து வந்த செடியா காரை எம்.ஆர்.எஃப். அணி தேசிய ராலியில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியது. அந்த ஆலையில் இப்போது சித்ரோயன் தயாராகிறது.

ஐரோப்பாவில் கம்பெனி பந்தயக் காரைத் தெருவுக்கு அனுப்பியது. இங்கே தெருவில் இருந்த காரைப் பட்டறை பந்தயத்துக்கு அனுப்பியது. இந்த உரைக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. பந்தயம் நடந்த இடம் சோழவரம், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. நாட்டில் அன்று எல்லா இடத்திலும் இதே கதிதான். கல்கத்தாவுக்கு பாரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு, கோவைக்கு சூலூர். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர் விமானத் தளமாக இருந்ததுதான். ஓடுபாதை நேராக இருக்கும். வளைவை மனிதன்தான் செய்யவேண்டும். பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்துத் திருப்பம் காட்டினார்கள். பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார் என்பதைச் சோழவரம் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது பணத்தின் கதை. அதே தடத்தில் ஓடிய ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் கார்களின் கதைதான் அதிசயம்.

ஏனென்றால் வாங்குவதற்கு வேறு எதுவும் இல்லை. இறக்குமதி அடைபட்ட நாட்டில் கிடைத்தவை மூன்றே கார்கள், அவற்றுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஃபியட் 1100-க்கு 1089 சி.சி.; கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி? எஞ்சினின் தலையைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போவார்கள். ஹெட் ஃபேசிங். அடிப்பரப்பிலிருந்து மிக மெல்லிய ஒரு படலத்தைச் சீவி எடுத்தால் சிலிண்டருக்கு மேலே இருக்கும் இடம் சுருங்கும், அழுத்தம் கூடும், திறன் ஏறும். கொஞ்சம் அதிகம் சீவினால் அன்றைய பெட்ரோலுக்கு எஞ்சின் 'கட கட' என்று நாக்கிங் அடிக்கும். இன்னும் போனால் வால்வு பிஸ்டனில் முட்டும். எவ்வளவு சீவலாம் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. மெக்கானிக் காதால் கேட்டுச் சொன்னார். பிறகு காற்றுப் பாதைகளின் உள்ளே எமரி தாளைச் சுருட்டி விட்டு, விரல் வழுக்கும் வரை தேய்ப்பார்கள். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பார்கள். கார்பரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே காரில் ஆபீஸ் போனவர்களும் உண்டு.

ஹெரால்டு இன்னும் தோதான வண்டி. 1961 முதல் சென்னையில் தயாரானது, 948 சி.சி. பானெட்டையும் மட்கார்டுகளையும் சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்த்துவிடலாம்; எஞ்சின், முன் சக்கர அமைப்பு எல்லாம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி வெட்டவெளியில் நிற்கும். சட்டகம் தனி, உடல் தனி. உடலைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு உடல் போடலாம். அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை உலகின் பல பந்தயக் கார் தயாரிப்பாளர்கள், லோட்டஸ் உட்பட, எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்பக்கம்தான் வம்பு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடியும், வண்டி தட்டாமாலை சுற்றும். ஹெரால்டு ஓட்டியவர்கள் இதை ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

பாகங்களுக்கும் தூரம் போகவேண்டி இருக்கவில்லை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், அம்பத்தூரில் டன்லப், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். பகலில் இந்த ஆலைகளில் டர்னராகவும் ஃபிட்டராகவும் இருந்தவர்களின் கைவேலை தெரிந்த ஊர் இது. வேகமான காரைக் கம்பெனி விற்காத நாட்டில், ஹோமோலகேஷன் வேலையைச் செய்தது இந்தத் திறமைதான்.

கோவையின் எஸ். கரிவர்தன் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனார். 1988-ல் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து மலிவான ஃபார்முலா மாருதி காரைக் கொடுத்தார். ஒரு தலைமுறையே அதில் ஏறிப் பழகியது. 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் தடத்துக்கு அவர் பெயர். இடையில் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகளோடு நிரந்தரத் தடம் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. டூரிங் கார் வகுப்பு இருங்காட்டுக்கோட்டையில் தொடர்ந்து நடக்கிறது. எஸ்டீம், ஹோண்டா சிட்டி, 2010-லிருந்து ஃபோக்ஸ்வாகன் போலோ என்று வண்டிகள் மாறின. கோவை அர்ஜுன் பாலு மாதிரி ஆண்டுக்கணக்கில் அந்த வகுப்பிலேயே நின்று ஓட்டியவர்களைச் செய்தித்தாள்கள் கண்டுகொள்வது குறைவு. 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் நடந்த தெருப் பந்தயத்திலும் ஒற்றை இருக்கை வண்டிகளுக்குத்தான் மேடை. நகரமே திரண்டு பார்த்த ஒரே பந்தயத்தில் கூரை வைத்த கார் ஒன்றுகூட இல்லாதது, கைநழுவிய ஒரு வாய்ப்பு.

பழைய கார்கள் என்ன ஆயின? பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின. மிஞ்சியவற்றுக்கு வேறொரு ஆபத்து: அன்பு. பழைய கார் அணிவகுப்புகளில் கம்பெனி விட்ட நிலையில் இருக்கும் காருக்குத்தான் மதிப்பெண். அதனால் சோழவரத்தில் ஓடிய ஹெரால்டு ஒருவர் கையில் கிடைத்தால், அவர் முதலில் செய்வது இரட்டைக் கார்பரேட்டரைக் கழற்றி ஒற்றையாக்குவது, வெட்டிய ஸ்பிரிங்கை மாற்றுவது, சீவிய ஹெட்டைத் தூக்கிப் போடுவது. பளபளவென்று பெயின்ட் அடித்த பிறகு அது ஷோரூம் ஹெரால்டு. பட்டறையின் கையெழுத்து முழுவதும் அழிந்துவிடுகிறது. இந்த மாதிரி வண்டிகளுக்கு அணிவகுப்புகளில் 'ஓடிய நிலையில்' என்று ஒரு தனிப் பிரிவு வைத்தாலே போதும், பாதிப் பேர் கழற்றுவதை நிறுத்துவார்கள்.

சட்டமும் ஷோரூம் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது. பாதுகாப்பை நினைத்தால் நியாயம்தான். ஆனால் பட்டறை வழி அடைபட்ட பிறகு, வேகமான காரைச் சாலையில் ஓட்ட ஒரே வழி, அதைக் கம்பெனியே செய்து விற்பது. ஐரோப்பா எண்பதுகளில் நின்ற இடம் அதுதான்.

அப்படி ஒன்று நம் பக்கம் நடந்தது. பந்தய ஓட்டுநராக இருந்து கார் கட்டுபவராக ஆன ஜெ. ஆனந்தின் கோவை நிறுவனம் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். அதுவும் டாடா மோட்டார்ஸும் சரிபாதியாகச் சேர்ந்து ஜே.டி. ஸ்பெஷல் வெஹிகிள்ஸ் என்ற கூட்டு நிறுவனம் தொடங்கின. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. 6.39 லட்ச ரூபாய்க்கு வந்தது, 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், பானெட்டில் காற்றுத் துளைகள், சற்றே தாழ்ந்த உடல். இந்த முறை கூடும் எஞ்சினும் சேர்ந்தே வந்தன, ஆர்.சி. புத்தகத்தோடு. பந்தய விதிக்காகச் செய்த கார் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பந்தயப் பட்டறை கைவைத்த காரைச் சாதாரணக் கடையில் வாங்க முடிந்தது. 2020-ல் ஜெயத்தின் பங்கை டாடாவே வாங்கிக்கொண்டது, புகை விதி மாறியது, கார் நின்றுபோனது. பழைய கார் சந்தையில் எங்காவது கண்ணில் பட்டால் சிவப்புக் கோடுகளையும் பேட்ஜையும் பார்த்துக் காசை எடுக்கவேண்டாம். ஸ்டிக்கர் எந்த டியாகோவுக்கும் ஒட்டும். முதலில் ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பார்க்கவேண்டும், பிறகு பானெட்டைத் தூக்கி டர்போ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.