கல்லாய்ப் போன மரத்தை அறுத்துப் படித்தவர்

(ஜலகண்டாபுரத்தில் நெசவாளர்களும் மில் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடிய வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலி, பஞ்சப்படி, ரேஷன் என்று பேச வேண்டியது எவ்வளவோ கிடக்க, கல்லாய்ப் போன மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் நம் ஊர் விசைத்தறிகள் ஓடுவதே பழைய காடுகளின் தயவில்தான். பக்கத்தில் மேட்டூர் அனல் மின்நிலையத்துக்கு ஒடிசாவிலிருந்து நிலக்கரி வருகிறது. அந்தக் கரி என்ன? 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே நின்ற மரமும் இலையும் சேற்றில் அமுங்கி, காற்றுப் படாமல் இறுகிக் கறுத்தது. நெய்வேலிப் பழுப்புக் கரியும் அந்த வம்சம்தான். வயதில் மட்டும் இளையது.

புதைந்த மரத்துக்குக் கரியாவது ஒரு கதி. கல்லாவது இன்னொரு கதி. கரியாகும்போது மரத்தின் உள் அமைப்பு பெரும்பாலும் நசுங்கிப் போகிறது. கல்லாகும்போது அது அப்படியே நின்று விடுகிறது. இந்தக் கல்லை அறுத்துப் படித்த ஒரு தாவர விஞ்ஞானியின் வேலையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர் பெயர் பீர்பல் சாஹ்னி.

முதலில் ஒன்றைச் சொல்லி விடுகிறோம். நம் சேலம் ஜில்லாப் பாறையில் கல்மரத்தைத் தேட வேண்டாம், கிடைக்காது. இங்கே இருப்பது பூமிக்கு அடியில் வெந்து உருகி இறுகிய பாறை. சுமார் 250 கோடி ஆண்டு வயது. அப்போது நிலத்தில் மரமே கிடையாது. கல்மரம் வேண்டுமானால் கிழக்கே போக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஓடைக் கரையில் ஒரு அடிமரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி. அதை 1940ல் உலகுக்கு அறிவித்தவர் தஞ்சை ஜில்லாவில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். சாத்தனூர் மரம் விழுந்த காலத்தில் அந்தப் பிரதேசம் கடல். பல கோடி ஆண்டு ஆகிறது.

இன்னும் கிழக்கே, விழுப்புரம் ஜில்லாவில் திருவக்கரை. அங்கே ஒன்றிரண்டல்ல, சுமார் 200 கல்மரங்கள் செம்மண்ணில் கிடக்கின்றன. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு. வேரும் இல்லை, கிளையும் இல்லை, எல்லாம் படுத்த வாக்கில். ஆகவே அவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல. வெள்ளம் அடித்துக் கொண்டு வந்து மணலில் புதைத்தவை. அசுரனைக் கொன்றபோது சிதறிய எலும்பு என்று ஊரார் கதை சொல்லுவார்கள். அந்தக் கதையை நாம் கேலி செய்யப் போவதில்லை. இது சாதாரணக் கல் அல்ல, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த உடம்பு என்று கண்டு கொண்டவர்கள்தானே அதைச் சொன்னார்கள்! யாருடைய உடம்பு என்பதில்தான் பிசகு.

மரம் எப்படிக் கல்லாகிறது? மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரில் சிலிக்கா என்ற பொருள் கரைந்திருக்கிறது. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். மரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் லட்சக்கணக்கில் உண்டு. தண்ணீர் அந்த அறைகளுக்குள் புகுந்து, சிலிக்காவை அங்கே விட்டு விட்டுப் போகிறது. அறை நிறைகிறது, சுவரிலும் ஏறுகிறது. மரம் அழுகித் தீருமுன் இந்த வேலை நடந்து விட்டால், மரத்தின் சித்திரம் முழுவதும் கல்லில் தங்கி விடும்.

சித்திரம் உள்ளே இருக்கிறது, படிப்பது எப்படி? இங்கேதான் கைவேலை வருகிறது. வைரத் தூள் பதித்த அரத்தகடு கொண்டு கல்லில் ஒரு வில்லை அறுக்கிறார்கள். அதன் ஒரு முகத்தைச் சாணைப் பொடியில் தேய்த்து வழவழப்பாக்கி, மரப்பிசினைச் சூடாக்கிக் கண்ணாடித் துண்டில் ஒட்டுகிறார்கள். பிறகு மறுமுகத்தைத் தேய்க்கிறார்கள். தேய்த்துத் தேய்த்து, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குக் கொண்டு வருகிறார்கள். காகிதத்தின் கனத்தில் பாதி கூட இல்லை! கல் வழியாக வெளிச்சம் பாய்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் போயிற்று. 2 கோடி ஆண்டு காத்திருந்த சித்திரம் சேறாகி வழிந்து விடும். நல்ல சாணைக்காரனின் விரல் வேண்டும் இதற்கு. படித்த பட்டம் மட்டும் போதாது.

ஒரே கட்டையை மூன்று திசையில் அறுக்க வேண்டும்: குறுக்கே, நடுவிலிருந்து தோல் வரை நெடுக்கே, தோலுக்கு ஒட்டினாற்போல் நெடுக்கே. ஏன் மூன்று? தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரமும் ஒரு வகை நெசவுதான். அடியிலிருந்து நுனி வரை ஓடும் நார்களும் நீர்க்குழல்களும் பாவு. நடுவிலிருந்து தோலை நோக்கிக் குறுக்கே போகும் கதிர்கள் ஊடை. ஒரு கிழிந்த துண்டை உங்கள் கையில் கொடுத்தால், இது எத்தனையாம் நம்பர் நூல், கைத்தறியா விசைத்தறியா, எந்தப் பக்கத்து நெசவு என்று சொல்லி விடுகிறீர்கள் அல்லவா? அடிக்கட்டை ஆசாரியும் வெட்டு முகத்தைப் பார்த்தே இது தேக்கு, இது வேம்பு என்கிறார். தாவர உடற்கூறு விஞ்ஞானி செய்வதும் இதைத்தான், மைக்ராஸ்கோப்பை வைத்துக் கொண்டு. குழல் தனித்தனியா, ஜோடியா? கதிர் ஒரு அறை அகலமா, நாலைந்து அறை அகலமா? குழலே இல்லாமல் ஒடுங்கிய அறைகள் மட்டும் வரிசை கட்டி நிற்கின்றனவா? குழல் இல்லை என்றால் பெரும்பாலும் ஊசியிலை மர ஜாதி.

திருவக்கரைப் பக்கத்துக் கல்மரங்களை 1781ல் பிரெஞ்சுக்காரர் சொன்னேரா எழுத்தில் பதிந்தார். அதன் பிறகு கற்கள் கப்பலேறின. இப்பிரதேசத்துக் கல்மரம் ஒன்றுக்கு 1855ல் ஜெர்மனியில் ஷ்லைடன் பெயர் சூட்டினார். தாவரங்கள் எல்லாம் அறைகளால், அதாவது உயிரணுக்களால் ஆனவை என்று நிலைநாட்டியவர்களில் ஒருவர் அவர். நம் மண்ணில் குனிந்து அந்தக் கல்லைப் பொறுக்கிக் கொடுத்த கூலியாள் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நமக்குப் பழகிய சங்கதி. 1931ல் சாஹ்னி அந்த மரத்தை மறுபடி ஆராய்ந்து வகைப்படுத்தினார். போடோகார்ப்பஸ் என்னும் ஊசியிலை மர வம்சத்துக்கு நெருங்கியது அது. தென்னிந்தியாவில் அந்த வம்சத்தில் இயற்கையாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மர வகை. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில்.

அவருக்குப் பின் 1950களில் தொடங்கி, சி. ஜி. கே. ராமானுஜம் என்ற விஞ்ஞானி தென்னாற்காட்டுக் கல்மரங்களை வரிசையாக அறுத்துப் படித்தார். குங்கிலியக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், புளியும் வாகையும் சேர்ந்த குடும்பம் என்று அடையாளம் கண்டார். குங்கிலியக் குடும்பத்தின் ஓங்கிய மரங்கள் இன்று பெரும்பாலும் மழை கொட்டும் மலைக் காடுகளில் நிற்பவை. அப்படியானால் அந்த மரங்களைப் புரட்டிக் கொண்டு வந்த ஆற்றின் கரைகளில் இன்றைக்கு உள்ளதை விட மழை அதிகம் பெய்திருக்கிறது. வானிலை ஆபீசு இல்லாத காலத்து மழைக் கணக்கை மரத்தின் பாவும் ஊடையும் எழுதி வைத்திருக்கின்றன.

சாஹ்னி 1891 நவம்பர் 14ந் தேதி பஞ்சாபில் பேராவில் பிறந்தவர். தந்தை ருசி ராம் சாஹ்னி லாகூரில் ரசாயன ஆசிரியர். மகன் கேம்பிரிட்ஜில் படித்து 1919ல் திரும்பினார். 1921ல் லக்னோ சர்வகலாசாலையில் தாவரவியல் பேராசிரியரானார். கதர் உடுத்தியவர். 1936ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது.

அவருடைய பெரிய வேலை வடக்கே ராஜ்மகால் குன்றுகளில் நடந்தது. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிறது அது. அங்கே நிபானியா என்ற கிராமத்தில் சிலிக்கா ஏறிய பாறையில் தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், விதைக்காய் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தன. தனித்தனிப் பெயர்களும் வைத்தாயிற்று. தண்டைக் குறுக்கே அறுத்தால் ஒரு ஆச்சரியம்! ஒரு மரத்துக்குள் ஒரு வைரம் இருப்பதுதானே நாம் கண்டது. இதற்குள்ளே பெரும்பாலும் ஐந்து. ஐந்து புரி சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி. பென்டாக்ஸிலான் என்று அதற்குப் பெயர். கிரேக்க மொழியில் ஐந்து கட்டை என்று அர்த்தம். சிதறிய உறுப்புகளின் உள் அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்த சாஹ்னி, இவை எல்லாம் ஒரே வகைச் செடியின் அங்கங்கள், இன்று உலகில் எங்குமே இல்லாத ஒரு தனிக் கூட்டம் என்று 1948ல் அறிவித்தார். கிழிந்த துண்டுகளின் நெசவைப் பார்த்து முழுச் சேலையைச் சேர்த்தெடுத்தது போன்ற காரியம்.

எல்லாம் அவர் சொன்னபடியே நின்று விடவில்லை. அதே குன்றுகளில் கிடைத்த இன்னொரு கட்டையில் நீர்க்குழல் இல்லை. 1932ல் அதைப் பூக்கும் மரங்களில் மிகப் பழைய ஒன்று என்று அவர் எழுதினார். அவர் நிறுவிய நிலையத்திலேயே வேலை செய்த போஸ், ஷா என்ற இருவர் 1954ல் அந்தக் கட்டையை மறுபடி ஆராய்ந்து, அது அழிந்து போன வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். வைத்த புதுப் பெயர் என்ன தெரியுமா? சாஹ்னியாக்ஸிலான். ஆசானின் முடிவைத் திருத்தி, திருத்திய மரத்துக்கே ஆசானின் பெயர்! கட்சிக் கூட்டங்களிலும் இந்த வழக்கம் வந்தால் தேவலை.

இன்னொரு விஷயம், தொழிலாளர்கள் கேட்க வேண்டியது. 1936ல் ரோதக் நகரத்து மேடொன்றில் சாஹ்னி களிமண் துண்டுகளைக் கண்டார். பழங்காலத்தில் யௌதேயர் என்ற கூட்டத்தார் காசு வார்த்த அச்சுகள் அவை. கல்மரத்தைப் பார்க்கும் அதே கண்ணால் அவற்றைப் பார்த்து, உருக்கிய உலோகத்தை எந்த வழியாக ஊற்றினார்கள், ஒரே வார்ப்பில் எத்தனை காசு எடுத்தார்கள் என்று ஆராய்ந்து 1945ல் நூலாக்கினார். ராஜாக்களின் பெயரை விட வார்ப்புக்காரனின் வேலை முறை அவருக்கு முக்கியமாகப் பட்டது.

1946ல் அவரும் மனைவி சாவித்திரியும் தங்கள் சேகரிப்பு, புத்தகங்கள், சொத்து ஆகியவற்றைக் கொடுத்து ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் லக்னோ நிலையம். 1949 ஏப்ரல் 3ந் தேதி நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லையே சாஹ்னி தொல்தாவரக் கற்களைப் பதித்துச் செய்து வைத்திருந்தார். ஏழாம் நாள், ஏப்ரல் 10ந் தேதி, மாரடைப்பில் காலமானார். நிலையத்தைத் தூக்கி நிறுத்தியவர் சாவித்திரி அம்மையார். 1953 ஜனவரியில் கட்டடம் திறக்கப்பட்டது. ஒடிசாக் கரியிலும் மற்ற வயல்களின் கரியிலும் உள்ள மகரந்தத் தூளைப் பார்த்து, எந்தப் படுகை எந்தக் காலத்தது என்று கணக்கிடும் வேலையை அந்த நிலையம் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறது.

இனி நம் பிரச்னைக்கு வருவோம். கல்மரம் இருக்கும் இடங்களில் கல்குவாரியும் சரளைக் குழியும் நெருங்கி வருகின்றன. திருவக்கரையில் வேலிக்குள் இருப்பது பத்திரம். வேலிக்கு வெளியே எது உடைந்து ஜல்லியாயிற்று என்று கணக்கெழுத ஆளில்லை. ராஜ்மகாலிலும் கல்லுடைப்புதான் பெரிய தொழில். 2022ல் மத்திய சர்க்கார் இப்படிப்பட்ட இடங்களைக் காக்க ஒரு மசோதா வரைவு வெளியிட்டது. அதிகாரம் முழுவதும் ஒரே இலாகாவின் கையில் குவிகிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் குறை கூறினார்கள். நமக்கு வேறொரு கேள்வி. கடப்பாரை இறங்கும்போது கல்மரத்தை முதலில் பார்ப்பவன் கூலியாள். பார்த்தேன் என்று சொன்னால் வேலை நிற்கும். நின்றால் அன்றைய கூலி போகும். கண்டிராக்டருக்கும் நஷ்டம், ஆகவே அவன் சொல்ல விடமாட்டான். சம்மட்டி இறங்குகிறது, 2 கோடி ஆண்டு லாரியில் ஏறுகிறது. இதற்குக் கூலியாளைக் குற்றம் சொல்லுவது அநியாயம். வேலை நின்ற நாளுக்கு முழுக் கூலி, கண்டெடுத்தவன் பெயர் பதிவேட்டில். இவை இரண்டும் எந்தச் சட்டமானாலும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்போம். குவாரித் தொழிலாளர் சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.

நம் ஊரிலிருந்து கிணறு வெட்டவும் ரோடு போடவும் அரியலூர், கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். கட்டையைப் போல் நீள நீளமாக வரிகள், உடைந்த முகத்தில் வட்ட வட்டமாகவோ ஊசித் துளை போலப் புள்ளி புள்ளியாகவோ தெரிந்து, தட்டினால் கல் போலக் கணீரென்று கேட்டால், அது கல்மரமாக இருக்கலாம். அப்படியே விட்டு விட்டு, இடத்தைக் குறித்துக் கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ தாலுகா ஆபீசிலோ சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். சும்மா பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போய்ச் சாத்தனூர் மரத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு சில்லுக் கூடப் பெயர்த்துக் கொண்டு வர வேண்டாம்.