குதிரைப் பந்தயமும் டிப்ஸ் கணக்கும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குதிரைப் பந்தயம். கல்வியும் கலியாணமும் பேசவேண்டிய சபையில் இஃது எதற்கு என்று சிலர் கருதலாம். அவ்விரண்டுக்கும் சேர்த்து வைத்த பணமே சில குடும்பங்களில் இவ்வழியாகக் கரைகின்றதாதலின், இதனை இங்குப் பேசுவதே தகும். திருவள்ளுவர் சூதுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார்; நளனும் தருமனும் பட்ட பாட்டை நம் குழந்தைகளும் அறிவர். ஆயினும், "அது பகடை, இது அறிவு" என்று விடை சொல்வோர்க்கு நீதிநூல் போதாது, கணக்கே காட்டவேண்டும்.

சென்னைக் கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே குதிரைகள் ஓடின. 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் ஏற்பட்டது. 1949-ல் இப்பந்தயத்தையும் சூதில் அடக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதனை அமுலாக்க அரசாங்கம் முற்பட, வழக்கு வளர்ந்து, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைப் பொறுத்தது, சூதன்று என 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் குத்தகையை ரத்துச் செய்து கிண்டி மைதானத்துக்கு முத்திரையிட்டனர். களம் மூடியதேயன்றிப் பழக்கம் மூடவில்லை. பெங்களூர், மும்பை, ஹைதராபாத் பந்தயங்களுக்கு டிப்ஸ் இப்பொழுது கைப்பேசி வழியே அடுக்களை வரை வருகின்றது.

பணம் எங்கே போகின்றது? 1867-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லே என்பவர் வகுத்த முறையே இன்றைய டோட். எல்லாரும் கட்டிய பணம் ஒரே குவியலாகும். அதிலிருந்து வரியும் நடத்துவோர் பங்கும் முதலில் கழியும். எஞ்சியதே வென்றோர்க்குப் பிரிக்கப்படும். நூற்றுக்கு 20 ரூபாய் கழிவதாகக் கொள்வோம். ஜனங்கள் கட்டிய 100 ரூபாய் முதற் பந்தயம் முடிந்ததும் 80 ஆகும். அதனையே மீண்டும் கட்டின் 64; பின் 51. ஒரு பிற்பகலில் ஏழு பந்தயம் இவ்வாறு கட்டின் மிஞ்சுவது 21 ரூபாய்க்கும் குறைவு. குதிரை எது வென்றாலும் இக்கணக்கு மாறாது. இதன்மேல், பந்தயத்துக்குரிய ஜி.எஸ்.டி. வரி விகிதமும் 2025 செப்டம்பரில் நூற்றுக்கு 28-லிருந்து 40 ஆக உயர்ந்துளது.

இனி, டிப்ஸ் கொடுப்போர் வெளியிடும் வெற்றிப் பட்டியலைப் பார்ப்போம். அவர் பந்தயம் ஒன்றுக்கு மூன்று குதிரைகளைக் குறிக்கின்றார். ஏழு பந்தயத்தில் நான்கில் அவற்றுள் ஒன்று வென்றதாக வைத்துக்கொள்வோம். மறுநாள், "ஏழுக்கு நான்கு!" என்று விளம்பரம் வரும். அவர் சொற்படி ஒவ்வொரு குதிரைக்கும் பத்து ரூபாய் கட்டியவன் செலவு 210. கைக்கு வந்த டிவிடெண்டு 32, 45, 28, 60 எனில், மொத்தம் 165. நஷ்டம் 45. விளம்பரத்தில் நான்கு வெற்றி உண்டு. இந்த நாற்பத்தைந்து இராது.

இதனினும் கொடிய தந்திரம் ஒன்றுண்டு. எண்ணூறு பேருக்கு இலவசமாகக் குறிப்பு அனுப்புகின்றான் ஒருவன். ஓடுவன எட்டுக் குதிரைகளாதலின், நூறு நூறு பேருக்கு ஒவ்வொரு குதிரை. வென்ற குதிரையைப் பெற்ற நூறு பேருக்கு மட்டும், பத்துக் குதிரை ஓடும் அடுத்த பந்தயத்தில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்புகின்றான். மூன்றாவது பந்தயத்திலும் பத்துக் குதிரை ஓடின், மூன்றையும் பிசகாமற் பெற்ற ஒருவர் எஞ்சுவார். அவர் இவனைத் தீர்க்கதரிசி என்றே நம்பிக் கேட்ட தொகையைக் கொடுப்பார். மற்ற எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரைப்பற்றி அவர் கேள்விப்படப் போவதில்லை.

"கோர்ட்டே திறமை என்றதே" எனலாம். மெய்தான். குதிரையின் வமிசம், சுமக்கும் எடை, ஜாக்கி, தரையின் ஈரம் ஆகியவற்றை ஆராய்வோர் உளர். ஆனால் அவ்வாராய்ச்சி எல்லாரிடமும் உள்ளது. அது பேவரிட் குதிரையின் விலையிலேயே அடங்கிவிடுகின்றது. பேவரிட் ஏறக்குறைய மூன்று பந்தயத்துக்கு ஒன்று வெல்லும். ஆயினும் அதனையே கட்டி வருவோரும் நாளடைவில் இழக்கின்றனர். எவரும் எண்ணாத குதிரையைத் தேடுவோர் இன்னும் மிகுதியாக இழக்கின்றனர். அத்தகைய குதிரைகளின்மேல் அவற்றின் தகுதிக்கு மிஞ்சியே ஜனங்கள் பணம் கட்டுகின்றனர் என்பதை 1949-லேயே அமெரிக்க உளநூல் ஆராய்ச்சியாளர் கிரிஃபித் காட்டினார். ஆகவே, பிறரைவிடச் சற்றே அறிவுடையனாயிருத்தல் போதாது. கழிவுத் தொகை முழுவதையும் வெல்லுமளவு மிக்கவனாயிருத்தல் வேண்டும். மேலும், உண்மையான இரகசியம் ஒன்றைப் பலருக்கு விற்றால், அவர் அனைவரும் அக்குதிரைமேலேயே கட்ட, டிவிடெண்டு தானே குறையும். அங்ஙனமிருக்க அதனை ஏன் விற்கின்றான் என்பதை வாலிபர்கள் சிந்திக்க வேண்டும்.

நாம் வேண்டுவது இரண்டு. டிப்ஸில் நம்பிக்கையுள்ள வாலிபர் ஒரு ஸீஸன் முழுவதும் பணம் கட்டாமல் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதி வரட்டும்: சொன்ன குதிரை, கட்டியிருக்கக்கூடிய தொகை, வந்திருக்கக்கூடிய தொகை. இறுதிக் கூட்டலை அவர் தாமே தம் தாயாருக்கு வாசித்துக் காட்டட்டும்.

மற்றொன்று பெரியோர்க்கு. கடன்பட்டு வந்து நிற்பவனைச் சபையில் வைத்து இகழாதீர்கள். இகழ்ச்சிக்கு அஞ்சியே அவன் வட்டிக்கு வாங்கி, இழந்ததைப் பிடிக்க மீண்டும் கட்டுகின்றான். மனைவியின் வளையலும் அடகுக்கடை சேருகின்றது. தனியே அழைத்துக் கடன் முழுவதையும் எழுதச் சொல்லி, அடைக்கும் வழியைக் கூடியிருந்து வகுத்துக் கொடுங்கள். ஒரு குடும்பம் நிமிர்ந்தால் அது நம் சமூகம் அனைத்துக்கும் ஆக்கம்.