எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்?

 

எஞ்சினீயர் நான் இன்று மருத்துவம் பேசப் போகிறேன். "இவன் எப்போ டாக்டரானான்?" என்று பின்வரிசை முணுமுணுப்பது காதில் விழுகிறது. மகனுக்கு வந்த நோய் அப்பனைப் படிக்க வைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். 2022 கோடையில் என் மகனுக்கு ஏழு வயது. ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் அழுதுகொண்டே எழுந்தான். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. இரண்டு வாரத்தில் மறுபடியும். ஊரிலிருந்து அம்மா போனில், "காணாக்கடிப்பா, ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்றார். சிரித்தேன். "கறி சாப்பிட்ட அன்னிக்குத்தாங்க வருது" என்றாள் மனைவி. "எட்டு மணிக்குத் தின்ன கறி பன்னிரண்டு மணிக்கா வேலை காட்டும்?" என்று அவள் வாயை அடைத்தேன். மருத்துவரும் படுக்குமுன் குடித்த பாலைத்தான் சந்தேகித்தார். பாலை நிறுத்தினோம். மூன்றாம் முறை உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் ஊசி போட்ட பிறகே பிள்ளை பிழைத்தான்.

மறுநாள் நானும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தோம். என்ன தின்றான், எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்கு? ஆய்வகத்தில் பழுது தேடும் அதே முறைதான். மூன்று இரவும் ஆட்டுக்கறி அல்லது மாட்டிறைச்சி. இடைவெளி நாலு, ஐந்து மணி நேரம். கோழி, மீன் தின்ற நாட்களில் ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒவ்வாமை நிபுணர் கேட்ட முதல் கேள்வி: "பையனை உண்ணி கடித்ததா?" ஆமாம்! வீட்டுக்குப் பின்னால் காடு. அவன் காலிலிருந்து நானே இரண்டு உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தேன்.

ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் உடலில் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை உண்டு. (நம்ம கால் இல்லை, காலக்டோஸின் சுருக்கம்!) மனித உடலில் அது இல்லை. லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தால் சிலருக்கு அதற்கு எதிரான ஐ.ஜி.ஈ. உருவாகிறது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிப்போன வர்ஜீனியா பல்கலைக்கழகத்துப் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், 2008-ல் இந்த எதிர்ப்பொருளைக் கண்டார்கள். இறைச்சிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2009-ல் வெளியானது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2013-ல் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் மகனுக்கு உறுதியானது. ஆனால் ஒன்று. உண்ணிக் கடி பட்டவர்களில் பலருக்கு இந்த எதிர்ப்பொருள் இருந்தும் கறி ஒத்துக்கொள்ளும். இறைச்சிச் சாறு வைத்துத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் பல நேரம் கோட்டை விட்டுவிடும். ஆகவே ரத்த முடிவு பாதி. நேரம் குறித்த நோட்டு மீதி.

இப்போது அவனுக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி கிடையாது. பள்ளிப் பையில் எபிநெஃப்ரின் ஊசி. காட்டுப் பக்கம் போனால் முழுக்கால் சட்டை. புதிதாக உண்ணி கடிக்காமல் இருந்தால் எதிர்ப்பொருள் மெல்லக் குறையக்கூடும் என்கிறார் மருத்துவர். காத்திருக்கிறோம்.

நம் தோழர்கள் பலர் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் பிள்ளை வளர்க்கிறீர்கள். அங்கேயும் இங்கேயும் உண்ணி உண்டு. ராத்திரியில் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால், கடைசியாகத் தின்றதை மட்டும் சொல்லாதீர்கள்; சாயங்காலம் தின்றதையும் மணியோடு சொல்லுங்கள். முக்கியமாக, மனைவி சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

அம்மா சொன்னதும் சரிதான். பூச்சி கடித்துத்தான் இருந்தது.