சேர்த்த குழுவும் சேர்ந்த குழுவும்



நான் கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்து, அங்கேயே ஆசிரியனாகித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மாற்றுச் சான்றிதழ்களில் கையொப்பம் இட்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. அதனை முன்னிட்டே இன்று உங்களோடு பேச வந்தேன்.

2004-ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு அவன் தந்தையார் என் அறைக்கு வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். பையன் நன்றாகப் பாடுவான். பள்ளி விழாக்களில் கடவுள் வாழ்த்து அவனுடையதே. "ஐயா, பட்டணத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். ஐந்து பையன்களைத் தேர்ந்தெடுத்துப் பாட்டுக் குழு ஒன்று அமைக்கிறார். சாப்பாடு, உடை, ஆட்டம், எல்லாம் அவர் பொறுப்பு. இவனுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது" என்றார். மடித்த முத்திரைத்தாள் ஒன்று அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் கண்டேன். "காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று கேட்கவில்லை. பையனை வாழ்த்தினேன், சான்றிதழில் கையொப்பமிட்டேன். அவ்வளவுதான்.

அந்நாளில் அத்தகைய குழுக்களின்மேல் எங்கும் ஒரு மோகம் பரவியிருந்தது. 2002-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நாடெங்கும் போட்டி நடத்தி, ஐந்து இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, 'விவா' என்னும் பாடற்குழுவை உண்டாக்கியது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஐவர், சில திங்களில் நாடறிந்தவர் ஆயினர். பின்னர் ஒருவர் விலக, நால்வர் ஆயினர். சில ஆண்டுகளுக்குள் குழுவே கலைந்தது. அவர்களுள் நேகா பாசின், அனுஷ்கா மன்சந்தா போன்றோர் பின்பு திரைப்படப் பின்னணிப் பாடகியராகப் பெயர் பெற்றனர். குழு நிலைக்கவில்லை, பாடத் தெரிந்தவர் நிலைத்தனர்.

மேல்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1965-இல் அமெரிக்க நாட்டில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றிற்கு நான்கு இளைஞர் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்தனர். 400-க்கு மேற்பட்டோர் வந்தனர். தேர்ந்தெடுத்த நால்வர்க்கும் 'மங்கீஸ்' என்று பெயரிட்டனர். குரங்குகள் என்னும் சொல்லையே எழுத்து மாற்றி இட்ட பெயர் அது. 1966-இல் தொடர் வெளிவந்ததும் அவர்கள் புகழ் வானளாவியது. ஆனால் அவர்கள் பெயரால் வந்த முதற் பாடல்களில் இசைக்கருவிகளை வாசித்தவர் பெரும்பாலும் வேறு கலைஞர்கள். இரண்டாம் இசைத்தட்டு, அவர்களுக்கே முன்னறிவிப்பின்றி 1967-இன் தொடக்கத்தில் கடைக்கு வந்துவிட்டது. "எங்கள் பெயரில் வருவதை நாங்களே வாசிக்க வேண்டும்" என்று போராடி, அடுத்த தட்டில் அவர்களே வாசித்தனர். 1968-இல் தொடர் நின்றது. ஒருவர் பின் ஒருவராக விலக, 1970-களின் தொடக்கத்தில் குழு முடிந்தது.

இவையெல்லாம் புதுமை என்று எண்ண வேண்டா. இவற்றிற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் மதுரைச் சீமையில் இந்தத் தொழில் செழித்திருந்தது. அதற்குப் 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். தமிழில் பாலர் நாடக சபை என்பர்.

முதலாளி ஒருவரோ சிலரோ பணம் போடுவர். குரல் வளமும் முகப் பொலிவும் உள்ள சிறுவர்களைத் தேடிப் பிடிப்பர். பெற்றோரிடம் இத்தனை ஆண்டுகளுக்கென்று ஒப்பந்தம் எழுதி வாங்குவர். அதன்பின் சிறுவனுக்குக் கம்பெனி வீடே வீடு. வாத்தியார் பாட்டும் வசனமும் பாடம் சொல்வார். தவறினால் பிரம்பும் பேசும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் சிறுவர்களே. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடிப்பர்.

இந்த வரலாற்றில் முதலில் வணங்கத் தக்கவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடியில் பிறந்த அவர், நாடகங்கள் பல எழுதியதோடு சிறுவர்களுக்குத் தாமே ஆசிரியராகவும் இருந்தார். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவரிடம் பயின்ற சிறுவர்களுள், பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ் பெற்றவர்களும் இருந்தனர். சண்முகத்திற்கு அப்போது வயது 6. அந்தப் பிள்ளைக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். அவர்களும் அவர் தமையனாரும் சேர்ந்தனர். சிவாஜி கணேசன் அவர்களோ, தாம் அநாதை என்று பொய் சொல்லிப் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் நுழைந்தவர். அவர் முதலில் ஏற்றது சீதை வேடம்.

பெரியவர்களின் பெயர்களைக் கேட்கும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. ஆயினும் ஒருவர் பெயர் வெளிவர, வெளிவராத பெயர்கள் எத்தனை! அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் பாட்டனாரின் இளவல். நான் சின்னத்தாத்தா என்று அழைப்பேன்.

1930-களின் தொடக்கம். வீரபாண்டியில் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. முல்லையாற்றங்கரையில் கொட்டகை போட்டிருந்த கம்பெனி ஒன்று, ஒன்பது வயதுச் சிறுவனாகிய அவரைப் பாடச் சொல்லிக் கேட்டது, அன்றே எடுத்துக்கொண்டது. என் கொள்ளுப்பாட்டனார் எழுத்தறியாதவர். தாளில் கட்டைவிரலை அழுத்தினார். ஐந்தாண்டுக் காலம் சின்னத்தாத்தா வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நடித்தார். அவர் மேடையேறினால் கொட்டகை அமைதியாகிவிடும் என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடையும். நாடகக்காரர் இதனை மகரக்கட்டு என்பர். ஒரு நாள் இரவு, வள்ளி தினைப்புனம் காக்கும் இடத்தில், மேல் ஸ்தாயியில் அவர் குரல் உடைந்தது. ஆர்மோனியக்காரர் சுருதியைக் குறைத்துப் பார்த்தார், பயனில்லை. மறு வாரம் அந்த வேடம் வேறு சிறுவனுக்குப் போயிற்று. கட்டியிருந்த பட்டுப் புடைவை கம்பெனியின் சொத்து. நகை கம்பெனியின் சொத்து. நோட்டீசில் அச்சிட்ட பெயரும் கம்பெனி வைத்ததே. பதினான்கு வயதில், உடுத்திய வேட்டியோடு அவர் ஊர் வந்து சேர்ந்தார். பள்ளிக்குப் போகும் வயது கடந்துவிட்டது. மலைமேல் ஏலத்தோட்டத்திற்கு வேலைக்குப் போனார்.

மாணவர்களே! இத்தகைய குழுக்கள் ஏன் கலைந்தன என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது, அவற்றின் முதல் சிறுவர்களின் குரல். அந்த முதல் சில ஆண்டுகளில் தானே அழிவது. இரண்டாவது, வருவாய் ஒருவர்க்கு, உழைப்பு மற்றொருவர்க்கு என்றிருந்தது. ஆதலின் தேர்ந்த நடிகர் விலகுவதும், வாத்தியார் பிரிந்து வேறு கம்பெனி தொடங்குவதும் ஓயாது நிகழ்ந்தன. மூன்றாவது, காலம் மாறியது. 1931-இல் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. நாளடைவில் நாடகக் கொட்டகைகள் படக் கொட்டகைகள் ஆயின.

எல்லாக் குழுவும் இவ்வாறே முடிந்தனவோ என்றால், இல்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தாமே தொடங்கினர். பயின்றவர்களே உரிமையாளர் ஆயினர். 1935-இல் அவர்கள் 'மேனகா' என்னும் படத்திலும் நடித்தனர். சினிமா வந்த பின்னும் நெடுங்காலம் நாடகத்தைக் கைவிடவில்லை. அவர்களிடம் பயின்றவர்களுள் ஒருவர் சேடபட்டியைச் சேர்ந்த எஸ்.எஸ். இராசேந்திரன். 1962-இல் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது நம் தேனித் தொகுதியே.

இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தேவாரத்திற்கும் கோம்பைக்கும் இடையே, மலையடிவாரத்தில் பண்ணைப்புரம் என்னும் சிற்றூர். அங்கே பாவலர் வரதராசனும் அவர் தம்பியரும் ஒரு பாடற்குழுவாயினர். விளம்பரம் செய்து அவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வீட்டிலே பிறந்து, தாங்கள் நம்பிய பொதுவுடைமைக் கொள்கையை மேடைதோறும் பாடியவர்கள். அந்தக் குழுவும் என்றென்றும் நிலைத்ததன்று. 1960-களின் இறுதியில் தம்பியர் சென்னை சென்றனர். 1973-இல் பாவலர் மறைந்தார். ஆனால் அந்தத் தம்பியருள் ஒருவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மீண்டும் மாணவராக அமர்ந்து மேல்நாட்டு இசையைக் கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக இளையராஜா என்னும் பெயரை நாடு அறிந்தது. பண்ணைப்புரத்து மேடைகளில் பெற்ற பயிற்சி அவருடையதாகவே இருந்தது. அதனைத் திருப்பித் தா என்று கேட்க எந்த முதலாளியும் இல்லை.

ஆகவே, சேர்த்த குழுவாயினும் சேர்ந்த குழுவாயினும் ஒரு நாள் பிரியும். பிரியும்போது கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

சின்னத்தாத்தாவிடம் நான் சிறுவனாக இருந்தபோது கேட்டேன்: "உங்களுக்குக் கோபம் இல்லையா?" அவர் சொன்னார்: "பேராண்டி, சோறு போட்டவர் முதலாளி, பாட்டுச் சொல்லித் தந்தவர் வாத்தியார். முதலாளி கணக்கு அன்றே முடிந்தது. வாத்தியார் கொடுத்தது இன்னும் செலவாகவில்லை." உண்மைதான். ஏலத்தோட்ட வேலை இல்லாத மாதங்களில் அவர் ஊர் இளைஞர்க்கு நாடகம் பழக்குவார். எனக்கு ழகரம் பழக்கியவரும் அவரே. ஆயினும் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால், படிக்கச் சொல்லி என்னிடம்தான் நீட்டுவார். பாட்டைச் செவிவழி கற்றாரேயன்றி எழுத்தைக் கற்பிக்க அங்கே யாரும் இல்லை. நீட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் கூச்சத்தை நான் மறக்கவில்லை.

இத்தனையும் அறிந்த நான்தான், 2004-இல் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையொப்பமிட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பையன் தனியே வந்தான். குழு கலைந்துவிட்டது. ஒரே ஒரு குறுந்தகடு வெளிவந்ததாம். அதிலும் அவன் குரல் இரண்டு இடங்களிலே கேட்டதாம்; மற்றவை வேறொருவர் பாடியவை. குழுவின் பெயரைச் சொல்லி எங்கும் பாடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததாம். "பாட்டாவது சொல்லிக் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. எப்படி நிற்பது, எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள்" என்றான். அந்த விடை என்னைச் சுட்டது. பழைய கம்பெனி பிரம்பால் அடித்தது. ஆயினும் பாடம் சொன்னது. புதிய கம்பெனி அடிக்கவில்லை, பாடமும் சொல்லவில்லை.

அவனை அன்று மாலையே வீட்டிற்கு வரச் சொன்னேன். ஓராண்டு என் வீட்டுத் திண்ணையில் படித்துத் தனித்தேர்வராகத் தேர்வு எழுதித் தேறினான். இன்று சின்னமனூர்ப் பக்கம் ஒலிபெருக்கிக் கடை வைத்து, மனைவி மக்களோடு நலமாக இருக்கிறான். கோயில் விழாக்களில் பாடவும் செய்கிறான். அவன் என்னைக் குறை கூறியதில்லை. என்னை நானே கூறிக்கொள்கிறேன்.

மாணவ மணிகளே! பாடாதீர்கள், ஆடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுள் யாரையேனும் நாளை ஒருவர் வந்து அழைக்கக்கூடும். அழைத்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எனக்கு என்ன கற்றுத் தருவீர்கள்? என் பெயரும் என் பாட்டும் யாருக்கு உரியவை? நான் வெளியேற வேண்டின் வழி என்ன? விடை தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோர்க்குப் படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். மாணவன் தந்தையின் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று தெரிந்தால், கேட்டு வாங்கிப் படியுங்கள். கையொப்பம் இடுவதற்குமுன் படியுங்கள்.